ஃபைன் லெக்கில் நாற்பத்து மூன்று பின்னல்கள்

தெல்மா அட்ரிலுக்குக் கிரிக்கெட் பிடிக்காது. நாள் முழுக்க வெள்ளை உடுப்பில் நின்று, நடுவில் தேநீர் குடித்து, தூறல் விழுந்ததும் உள்ளே ஓடுகிற ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் சொல்லுவாள். கேட்காவிட்டாலும் சொல்லுவாள். ஆனால் ஒரு சிறு தீவில் இருக்கும் சில்கூம் ஊரின் கிரிக்கெட் மைதானத்துப் புல்லைப் பத்தொன்பது வருடங்களாக வெட்டி வருபவள் அவள்தான்.

அந்த வேலைக்கு அவள் வந்ததே சண்டை போடப் போய்த்தான். அவளுடைய வீட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரு முள்வேலிச் செடிவரிசை மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் புல்வெட்டும் வண்டி உறுமியதில் தூக்கம் கலைந்து, இரவு உடுப்பின் மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வேலியைத் தாண்டி வந்தாள். அப்போது வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த கிழவர் தீவை விட்டுப் பெருநிலத்தில் இருக்கும் மகளிடம் போய்விடுவதாக இருந்தார். அவள் திட்டியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"சரிம்மா, உனக்கு எந்த நேரம் தோதுப்படுதோ அந்த நேரத்துல நீயே வெட்டிக்கோ" என்று சொல்லிச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு நடந்தார்.

அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் மாலையில் அவள் வெட்டினாள். வாரநாள் காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். பேருந்து அவள் சம்பளம். புல் அவள் பிடிவாதம். கிளப்பில் முதல் நாளே, "மத்த பொம்பளைங்கள மாதிரி ஆட்டக்காரங்க தேநீருக்கு ரொட்டி அடுக்க என்னைக் கூப்பிடாதீங்க. நான் புல்லை வெட்டுவேன். வெள்ளரிக்காய வெட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

மைதானம் சமதரை அல்ல. சுண்ணாம்புக் குன்றின் தோளில் விரித்துப் போட்ட போர்வை மாதிரி மேற்குப் பக்கம் சரிந்து கிடக்கும். ஆட்டக்காரர்கள் ஃபைன் லெக் என்று சொல்லும் அந்த மேற்கு மூலையில் விரல் ஆழத்துக்குத்தான் மண். அதற்கடியில் வெள்ளைப் பாறை. உரம் தூவும் வண்டி அந்தச் சரிவில் ஏறாது, தண்ணீர்க் குழாயும் எட்டாது. புல் அங்கே வளர மனமில்லாமல் வளரும். தெல்மா அதையும் விடாமல் வாராவாரம் வெட்டி, வெட்டிய புல்லை வாரி வெளியே கொட்டுவாள்.

இருபதாவது கோடையில், ஜூலை கடைசி வாரம், புல்வெட்டும் வண்டி நின்றுபோனது. உள்ளே ஒரு பல்சக்கரம் உடைந்திருந்தது. மாற்றுச் சக்கரம் பெருநிலத்திலிருந்து படகில் வரவேண்டும். "அடுத்த வாரம்" என்றார்கள். அடுத்த வாரமும் "அடுத்த வாரம்" என்றார்கள். நல்லவேளையாக ஆகஸ்டில் மூன்று சனிக்கிழமைகள் சில்கூம் அணி வெளியூரில்தான் ஆடியது. நடுப் பிட்ச்சை மட்டும் கையால் தள்ளும் சிறு வண்டியால் வெட்டி வைத்துவிட்டு, மற்றதைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தாள் தெல்மா. பார்த்தால் அவளுக்குக் கை அரித்தது.

ஆகஸ்ட் நடுவில் ஒரு புதன்கிழமை, பொறுக்க முடியாமல் மேற்கு மூலைவரை நடந்தாள். புல் கணுக்காலைத் தொட்டது. அதற்கு நடுவே யாரோ வெள்ளை நூல் சுற்றிய ஊசிகளைக் குத்திவிட்டுப் போன மாதிரி இருந்தது. குனிந்தாள். பிறகு மண்டியிட்டாள்.

ஊசி அல்ல, பூ. ஒவ்வொன்றும் நடுவிரல் நீளம்தான் இருக்கும். சாம்பல் கலந்த பச்சையில், மெல்லிய ரோமம் படர்ந்த ஒற்றைத் தண்டு. அதில் அரிசிமணி அளவு வெள்ளைப் பூக்கள் பதினைந்து இருபது, ஒன்றன்மேல் ஒன்றாக, தண்டைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறின. சிலது இடப்பக்கமாகச் சுற்றியது, சிலது வலப்பக்கமாக. பூவின் வாய் சின்னதாகச் சுருக்கம் வைத்துத் தைத்த கழுத்துப்பட்டி போல. உள்ளே இளம்பச்சைத் தீற்றல். மூக்கைக் கொண்டுபோனால் தேன் வாசம். பேருந்தில் அவிழ்ந்த தலையோடு ஏறும் சிறுமிகளுக்கு அவள் அவசரமாகப் பின்னிவிடும் சடைகளுக்குக்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

வீட்டுக்குப் போய் ஹானர் ஸ்க்விப்பைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஹானர் வாரநாளில் நூலகத்தில் வேலை பார்ப்பவள், சனிக்கிழமைகளில் கிளப்பின் அம்பயர், மீதி நேரத்தில் செடிகொடிப் பைத்தியம்.

"ஹானர், உன் பூதக்கண்ணாடி எங்க?"

"பையிலதான். ஏன், எவனாவது எல்.பி.டபிள்யூ. அவுட் தரலேன்னு மறுபடி என் கண்ண சோதிக்கணும்ங்கிறானா?"

"வா சொல்றேன். அந்த நல்ல பேண்ட்டப் போட்டுக்கிட்டு வராத. படுக்க வேண்டியிருக்கும்."

ஹானர் வந்தாள், வயிறு தரையில் பட நீட்டிப் படுத்தாள், பூதக்கண்ணாடியை ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நகர்த்தினாள்.

"தெல்மா, இது ஆர்க்கிட்."

"போடி. ஆர்க்கிட்னா கடையில தொட்டியில வெச்சு ரிப்பன் கட்டி விப்பாங்க."

"அது பணக்காரச் சொந்தம். இது நம்ம ஊரு ஏழைச் சொந்தம். இலையுதிர்காலப் பின்னல்னு பேரு. இந்தத் தீவுல இதைப் பாக்கணும்னு நான் எத்தனை பாறை விளிம்புல தவழ்ந்திருக்கேன் தெரியுமா? இது இங்க, ஃபைன் லெக்ல நின்னுக்கிட்டிருக்கு!"

"சரி, எப்ப வந்துச்சு?"

"இன்னைக்கு நேத்து வரல. இதோட விதை தூசி மாதிரி. தூசின்னா நெஜமாவே தூசி. அதுக்குள்ள சாப்பாடே கிடையாது. மண்ணுக்குள்ள ஒரு பூஞ்சைக்காளான் வந்து சோறு ஊட்டினாதான் உசுரு பிடிக்கும். வருஷக்கணக்கா மண்ணுக்கடியிலேயே கிடக்கும். அப்புறம் ஒரு இலை. அப்புறம் சில வருஷம் கழிச்சு ஒரு பூ. எல்லாம் சேத்து பத்து வருஷத்துக்கு மேல ஆகும்ங்கிறாங்க."

தெல்மா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மனதுக்குள் வியாழக்கிழமைகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வோர் ஆகஸ்டிலும் நாலு வியாழன். பத்தொன்பது வருடம்.

"அப்போ நான் இத்தனை வருஷமா இதுங்க தலையச் சீவிக்கிட்டே இருந்திருக்கேன்."

"ஆமா."

"ஆமான்னு சாதாரணமா சொல்ற!"

"முழுசாக் கேளு. நீ வெட்டலேன்னா இது இங்க இருந்தே இருக்காது. புல்லு உசரமா வளந்தா இதுக்கு மூச்சு முட்டும். இதோட இலை தரையோட ஒட்டிக் கிடக்கும், அது குளிர்காலம் பூரா வெயில் குடிக்கணும். நீ உரம் போடல, புல்லைக் கட்டையா வெச்ச, வெட்டுனத வாரிக் கொட்டுன. பத்தொன்பது வருஷமா அதுக்குப் பாய் விரிச்சுக் குடுத்ததே நீதான். ஆகஸ்ட் மட்டும்தான் தப்பு. ஆகஸ்ட் பொறந்தா கையக் கட்டிக்கிட்டு நில்லு. விதை விழுந்ததும் வெட்டு."

"விதை எப்ப விழும்?"

"செப்டம்பர் முடியறப்ப."

இருவரும் எண்ணினார்கள். நாற்பத்து மூன்று. தெல்மா மறுபடியும் ஒருமுறை எண்ணினாள். இந்தத் தடவை ஒன்றும் தலை இழக்கக் கூடாது, ஒரு தடவையாவது இதுகள் விதை விட்டே ஆகவேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஹானரிடம்கூட அதைச் சொல்லவில்லை.

பல்சக்கரம் ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி வந்து சேர்ந்தது. அதோடு கேப்டனும் வந்தான். ரூஃபஸ் செவர்ட்டனுக்கு வயது முப்பத்து நாலு, குழாய் வேலைக்காரன். வரும் சனிக்கிழமை விப்லி ஊர் அணி சில்கூமுக்கு வருகிறது. நாலு வருடமாக சில்கூம் விப்லியிடம் தோற்றுக்கொண்டே இருந்தது. அந்த நாலு தோல்வியும் ரூஃபஸ் கணக்கில்.

"என்ன தெல்மா இது? ஃபைன் லெக்ல ஆடு மேய்க்கலாம் போலிருக்கு. வண்டிதான் சரியாயிடுச்சே?"

"மத்த எல்லாத்தையும் வெட்டிடுவேன்டா. அந்த ஒரு இடத்த விட்டுடு. நாலு படுக்கை விரிப்பு அளவுதான்."

"நாலு விரிப்பா! பந்து அதுக்குள்ள போனா தேடறதுக்குள்ள அவனுங்க ஆறு ரன் ஓடிடுவானுங்க. எதுக்கு, இந்த வெள்ளைப் புல்லுக்கா?"

"புல்லுன்னு சொல்லாத. அது ஆர்க்கிட்."

"எதுவா வேணா இருக்கட்டும். எல்லைக் கயித்த உள்ள இழுக்கவும் முடியாது. ஏற்கெனவே அந்தப் பக்கம் பவுண்டரி எங்க வீட்டு நடை நீளம்தான்."

"அப்போ தனி விதி வெச்சுக்கோ. கிழக்குப் பக்கம் பலகைக் கொட்டாய்ல பந்து பட்டா நாலு ரன்னு வெச்சிருக்கோமே, அந்த மாதிரி."

ரூஃபஸ் சிரித்தான். "தனி விதிக்கு ரெண்டு கேப்டனும் ஒத்துக்கணும். விப்லி கேப்டன் டக்ளஸ் ஓரியா? அந்த மனுஷன் நாம வணக்கம் சொன்னாலே ஏன் சொல்றாங்கன்னு யோசிப்பான். நீங்க போய்க் கேளுங்க. ஒத்துக்கிட்டா ஆட்டம் முடியற வரைக்கும் விட்டுவைக்கிறேன். இல்லேன்னா சனிக்கிழமை காலையில நானே வண்டி எடுப்பேன்."

"என் பஸ்ஸுல வாந்தி எடுத்த பய, என் வண்டிய எடுப்பானாம்."

"ரெண்டாங்கிளாஸ்ல எடுத்தது! இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லுவீங்க?"

"நீ விப்லிய ஜெயிக்கிற வரைக்கும்."

திங்கட்கிழமை தெல்மா விப்லிக்குப் போனாள். டக்ளஸ் ஓரிக்கு அங்கே ஆணி, கயிறு, பெயின்ட் விற்கும் கடை. ஐம்பத்தாறு வயது, விப்லி அணியின் கேப்டன், கடைசியாக பேட் பிடிக்க வருகிறவர். விதிப்புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவார் என்று அவருடைய ஆட்களே சொல்லுவார்கள். அவள் சொன்னதை எல்லாம் கேட்டபின் கண்ணைச் சுருக்கினார்.

"ரூஃபஸ் அனுப்பினானா?"

"இல்ல. அவனுக்கு இது பிடிக்கவே இல்ல."

"பிடிக்கலையா?" டக்ளஸின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா யோசிக்கலாம். உக்காருங்க."

கடையின் பழுப்புத் தாள் ஒன்றை எடுத்து மேசையில் நீவி, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பூக்களைச் சுற்றி வெள்ளைக் கோட்டால் ஒரு வட்டம். பந்து கோட்டைத் தாண்டினால் நாலு ரன்.

"ஆனா உங்க ஆளுங்கள எனக்குத் தெரியும். பந்து உள்ள உருண்டதும் ஒருத்தன் குச்சிய விட்டு வெளிய தள்ளிட்டு, உள்ள போகவே இல்லேன்னு சத்தியம் பண்ணுவான். அதனால இப்படி எழுதறேன். கை, கால், குச்சி, வலை, எதுவும் வட்டத்துக்குள்ள போகக் கூடாது. உள்ள போன பந்து உள்ளயே கிடக்கட்டும். வேற பழைய பந்து எடுத்து ஆடலாம்."

"எதுவரைக்கும் போகக் கூடாது?"

"என்ன எதுவரைக்கும்?"

"விதை விழற வரைக்கும்னு எழுதுங்க."

"என்னைக்கு வேணா விழட்டும், எனக்கென்ன?" என்று அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார் டக்ளஸ்.

சனிக்கிழமை டாஸுக்கு முன் ஹானர் அதை உரக்கப் படித்தாள். ரூஃபஸும் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, தெல்மா பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான்:

"ஆட்டத்தோட சரி, ஆமா. இந்த வட்டத்தால நாங்க தோத்தா, நாளைக்குக் காலையில வண்டி ஓடும்."

சில்கூம் முதலில் ஆடி நூற்று நாற்பத்தொன்று எடுத்தது. பிறகு தேநீர். முட்டையும் கீரையும் வைத்த ரொட்டி, ஸ்ட்ராபெரி ஜாம். தெல்மா ஒன்றும் சாப்பிடவில்லை. தரை சமப்படுத்தும் உருளையின் மேல் உட்கார்ந்து, ஆட்டத்தைப் பார்க்காமல் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவள் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். அன்று முகத்தைக் காட்டியதே பலருக்கு ஆச்சரியம்.

விப்லி துரத்தியது. விக்கெட்டுகள் விழுந்தன, ரன்னும் ஏறியது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கடைசி ஓவரின் கடைசிப் பந்து மிச்சம். விப்லி நூற்று முப்பத்தெட்டு. ஒன்பது விக்கெட் போயிருந்தது. ஜெயிக்க நாலு ரன் வேண்டும். பேட்டோடு நின்றவர் டக்ளஸ் ஓரி. அந்த வருடம் முழுக்க அவர் எடுத்தது பதினொரு ரன். ஃபைன் லெக்கில் வேறு யாரையும் நம்பாமல் ரூஃபஸ் தானே நின்றான்.

பந்து வந்தது. டக்ளஸ் கண்ணை மூடிக்கொண்டு வடக்கே வீசினார். பந்து மட்டையின் உள்விளிம்பில் பட்டு, அவருடைய காலுக்குப் பின்னால் தெற்கே நழுவி, மேற்கே சரிவைப் பிடித்தது. வேகமே இல்லை. ஒரு குழந்தைகூடப் பிடித்துவிடும். "ரூஃபஸ்!" என்று மொத்த சில்கூமும் கத்தியது.

ரூஃபஸ் ஓடினான். பந்து நேராக வட்டத்தைப் பார்த்து உருண்டது. அவன் எந்தத் திசையிலிருந்து வருகிறான் என்பதைத் தெல்மா பார்த்தாள். இந்த ஓட்டத்தில் அவன் பாய்ந்தால் பூக்களின் மேல்தான் போய் விழுவான். உருளையிலிருந்து எழுந்து நின்றாள்.

பாய்ந்தான். பாய்ந்த வேகத்தில் புல்லில் வழுக்கிக்கொண்டே வந்து, இரண்டு கையையும் தலைக்கு முன்னால் நீட்டி, வெள்ளைக் கோட்டில் விரல் பட நின்றான். பந்து அவன் விரலுக்கு ஒரு சாண் முன்னால் கோட்டைத் தாண்டி, அரை உருளல் உருண்டு, இரண்டு பின்னல்களுக்கு நடுவே அடக்கமாக உட்கார்ந்தது.

ஹானர் ஓடிவந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கையை இடமும் வலமும் ஆட்டினாள். நாலு ரன். விப்லி ஆட்கள் டக்ளஸைத் தூக்கினார்கள். கனம் தாங்காமல் இறக்கிவிட்டார்கள்.

தெல்மா யாரையும் கவனிக்காமல் வட்டத்துக்கு வந்து எண்ணினாள். நாற்பத்து மூன்று. ரூஃபஸ் இன்னும் குப்புறக் கிடந்தான், தாடையெல்லாம் சுண்ணாம்பு.

"இன்னும் ஒரு சாண் பாஞ்சிருக்கலாமேடா" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்கிறோம் என்று உறைத்தது.

"கோட்டத் தாண்டிடுச்சு. தாண்டுன பந்துக்கு எவன் பாய்வான்?" எழுந்து புல்லைத் தட்டினான். அவளைப் பார்க்கவில்லை. "அஞ்சாவது வருஷம். காலையில ஏழு மணிக்குச் சாவியோட வாங்க."

அப்போதுதான் டக்ளஸ் மூச்சிரைக்க வந்தார். விப்லிக்கும் சில்கூமுக்கும் நடுவில் அது பழைய வழக்கம்: ஜெயித்தவர்கள் ஆட்டப் பந்தை எடுத்துக்கொண்டு போவார்கள், அதுதான் கோப்பை. விப்லி மதுக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு பந்து வருட எண்ணோடு இருந்தது. ஐந்தாவதற்கு இடம் விட்டிருந்தார்கள்.

"எங்க பந்து" என்று குனிந்து கையை நீட்டினார்.

தெல்மா நடுவில் நின்றாள். "கை."

"என்னது?"

"கை, கால், குச்சி, வலை. எதுவும் உள்ள போகக் கூடாது. விதை விழற வரைக்கும்."

"அம்மா, அத எழுதினதே நான்தான்!"

"அதான். கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு."

ஹானர் கோட்டுப் பையிலிருந்து பழுப்புத் தாளை எடுத்து விரித்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள், முதலில் விப்லிக்காரர்கள். டக்ளஸ் தாளை முழுசாகப் படித்தார், தன்னுடையதே ஆனாலும். பிறகு நிமிர்ந்தார்.

"எழுதினது எழுதினதுதான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், ரூஃபஸ் பொடியா. அது விப்லியோட பந்து. அதுமேல உங்க புல்வண்டி ஏறிச்சுன்னு வை, தோத்த கோவத்துல கோப்பையக் கூழாக்கிட்டானுங்கன்னு தீவு பூரா சொல்லுவேன். கடையில பலகை எழுதி மாட்டுவேன்."

ரூஃபஸ் தாடையிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்தான். சில்கூம் தோற்கும், அது பழகிப்போன விஷயம். தோற்றுவிட்டுப் பந்தை உடைத்தார்கள் என்ற பேர் வந்தால் அவனால் தெருவில் நடக்க முடியாது.

"ஏழு மணிக்கா வரணும்?" என்று தெல்மா மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டக்ளஸ் வந்தார், பந்து பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க. அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். நின்றுகொண்டு பார்த்தால் புல்லுக்குள் பந்து சரியாகத் தெரியவில்லை என்று குப்புறப் படுத்தார். படுத்தால் பூ முகத்துக்கு நேரே இருந்தது. பூவில் ஒரு குண்டு வண்டு.

"தெல்மா! இங்க வாங்க. இது கீழ்ப்பூவுலேருந்து ஆரம்பிச்சு ஒண்ணுவிடாம சுத்திச் சுத்தி ஏறுது பாருங்க. நான் மாடிப்படி ஏறுற மாதிரி. உச்சிக்குப் போனதும் அடுத்த தண்டுக்குப் பறந்து மறுபடி கீழேருந்து ஆரம்பிக்குது!"

"அதுக்கும் விதி தெரியும் போலிருக்கு."

"விதின்னா விதிதான்" என்றார் டக்ளஸ் திருப்தியாக. அந்த வாரம் நாயோடு வந்த ஒருவரை வட்டத்துக்குப் பத்தடி தூரத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அதற்கடுத்த வாரம் தன் ஆட்கள் நாலு பேரைக் கூட்டி வந்து, கடையிலிருந்து கொண்டுவந்த முளைகளையும் கயிற்றையும் கட்டிவிட்டுப் போனார்.

இது ரூஃபஸ் காதுக்குப் போனது. தெல்மாவின் கதவைத் தட்டினான்.

"நம்ம மைதானத்துல அவன் கயிறு கட்டறானா?"

"பந்துக்குத்தான்."

"பந்துக்கு மட்டும் மாதிரி தெரியல. பூ எண்ணிக்கிட்டிருந்தானாம். சில்கூம் பூவுக்கு விப்லிக்காரன் காவலா? என்ன நெனப்பாங்க நம்மள?" கொஞ்சம் நின்று, "மொத்தம் எத்தனை?" என்று கேட்டான்.

"நாப்பத்து மூணு. அஞ்சாறு காய் பிடிக்க ஆரம்பிச்சிடுச்சு."

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் ரூஃபஸின் வண்டி மைதான வாசலில் இரண்டு நிமிடம் நிற்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டக்ளஸ் ஒரு பக்கமும் ரூஃபஸ் மறுபக்கமும் படுத்திருப்பார்கள். இருவருக்கும் பேச்சு கிடையாது. எண்ணிக்கை விஷயத்தில் மட்டும் சண்டை வரும்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு நல்ல காற்று. பூவெல்லாம் பழுப்பாகி, குட்டிக் காய்கள் வெடித்திருந்தன. ஹானர் பென்சில் நுனியால் ஒரு தண்டைக் கோட்டுக்கு வெளியிலிருந்து தொடப் போனாள். டக்ளஸ் தொண்டையைச் செருமினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். காற்றே தண்டை ஆட்டியது. புகைபோல ஏதோ ஒன்று கிளம்பி, சரிவில் கீழே போய், இல்லாமல் போனது.

"அவ்வளவுதானா?" என்றான் ரூஃபஸ்.

"அவ்வளவுதான். இப்ப போனது ஆயிரக்கணக்குல விதை" என்றாள் ஹானர். "விதை விழுந்துடுச்சு. அம்பயரா சொல்றேன்."

தெல்மா காலணியைக் கழற்றி, காலுறையோடு வட்டத்துக்குள் போனாள். ஒவ்வொரு அடியும் இடம் பார்த்து வைத்தாள். பந்தை எடுத்தபோது அதன் அடியில் இலைக்கொத்து ஒன்று இருந்தது. தரையோடு ஒட்டிய குட்டிப் பச்சை நட்சத்திரம், பாதி மட்டும் வெளிறி மஞ்சளாக.

"பாருங்க டக்ளஸ், உங்க கோப்பை இத்தனை நாளா என் பிள்ளை மேல உக்காந்திருக்கு."

டக்ளஸ் பந்தை வாங்கக் கையை நீட்டியவர், நீட்டியபடியே நின்றார்.

"பிழைக்குமா?" என்று கேட்டது ரூஃபஸ்.

"பிழைக்கும். இது இப்பதான் வந்த இலை. குளிர்காலம் பூரா வெயில் கெடச்சா தேறிடும்" என்றாள் ஹானர். "புல்லு மூடாம இருக்கணும், அவ்வளவுதான்."

"இப்ப காத்துல போச்சே, அது எப்ப பூக்கும்?"

"உயிர் பிடிச்சா, பதினோரு பன்னிரண்டு வருஷம்."

ரூஃபஸ் விரலை மடக்கிப் பார்த்தான். "அப்ப எனக்கு நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு. அப்பவும் நான்தான் கேப்டன்."

"அப்பவாவது ஒரு தடவை ஜெயிடா" என்றாள் தெல்மா.

"அடுத்த வருஷமும் வட்டம் போடுங்க. ஆனா அந்தத் தாள இந்தத் தடவை நான்தான் எழுதுவேன்."

"அத நான் வரி வரியாப் படிப்பேன்" என்றார் டக்ளஸ்.

தெல்மா கொட்டகைக்குப் போய் வண்டியைக் கிளப்பினாள். இரண்டு மாதமாக அந்த மூலை அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கத்தியை ஒரு திருகு உயர்த்தி வைத்து, காய்ந்த தண்டுகளையும் உயர்ந்த புல்லையும் வெட்டிக்கொண்டு வட்டத்துக்குள் நேராக ஓட்டினாள். கயிற்றுக்கு வெளியே இரண்டு கேப்டன்களும் கையை ஆட்டி, "மெதுவா! மெதுவா!" என்று ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். வண்டிச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இலைகள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. கத்தி அவற்றுக்கு மேலே போய்விட்டது.